உன் அய்யாவின் சிவப்பரிசி

முந்தாநாள் காலையில் ஆலயத்து அசன விருந்துக்கு அரிசி வாங்க நம் சபையிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் வாசலில் வந்து நின்றார்கள். கையில் ஒரு சாக்கு. இந்த வருஷம் ஆலய வராந்தாவில் உட்கார்ந்து வாங்காமல் வீடு வீடாகப் போய் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறார்களாம். உள்ளே போய் இரண்டு படி அளந்து சுளகில் எடுத்து வந்தேன். சாக்கின் வாயை விரித்துப் பிடித்தார்கள். சணல் வாசனையும் புது அரிசி வாசனையும் சேர்ந்து முகத்தில் அடித்தது. நான் கொட்டவில்லை. என் கண் அந்தப் பிள்ளைகளைத் தாண்டி, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் தெருவில் எதையோ தேடியது. எதைத் தேடுகிறது என்று புரிந்ததும் சுளகோடு அப்படியே நின்றுவிட்டேன். இரண்டாவது சாக்கைத் தேடியிருக்கிறது.

தலை சுற்றுகிறதா அக்கா என்று கேட்டார்கள். வெயில் என்று சொல்லிக் கொட்டி அனுப்பினேன். மாசி மாசத்துக் காலை ஏழு மணிக்கு ஏது வெயில்? அந்தப் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சரி அக்கா என்று போய்விட்டார்கள்.

அப்போதிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னால் பழசைக் கிளறாதே என்பார். நம் போதகர் ஐயரிடம் சொன்னால் ஒரு வசனம் தருவார், தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்புவார். இதைக் கேட்டு என்னை வையத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். நீயோ போய்ச் சேர்ந்து வருகிற வைகாசியோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. அதனால் எழுதுகிறேன். இதைத் தபால்பெட்டியில் போட முடியாது என்று தெரியும். எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் கோவில்பட்டியிலிருந்து மாற்றலாகி நீ சங்கரன்கோவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு வந்தாய். இரண்டு போர்டு, இரண்டு உயரமான நாற்காலி, முழங்கை முழங்கையில் இடிக்கிற இடைவெளி. வலது பக்கம் நான், இடது பக்கம் நீ. காலையில் பூ மார்க்கெட்டிலிருந்து முல்லை விலை கேட்டு மதுரைக்கு லைன் கேட்பார்கள். பிறகு தறி முதலாளிகள். ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் மூன்று நாளைக்கு நமக்குத் தண்ணீர் குடிக்க நேரம் இருக்காது. யார் எவ்வளவு கத்தினாலும் நீ குரலை உயர்த்த மாட்டாய். ஹெட்செட்டைக் கழற்றிய பிறகுதான் உன் வாய் திறக்கும். உன்னைப் போல அழகாகத் திட்டுகிற கிறிஸ்தவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நீ ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. குருவிகுளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். உங்கள் வீட்டில் நீ ஒருத்தி மட்டும்தான் ஆலயத்துக்குப் போனவள். நானோ நாலாம் தலைமுறை. ஆலயத்து அஸ்திவாரக் கல்லில் என் தாத்தாவின் அப்பா பேர் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அதை உன்னிடம் சொல்லிவிட்டேன். நீ உண்மையான ஆசையோடு கேட்டாய், "அப்ப நீங்க எப்ப அக்கா மனந்திரும்புனீக?" எனக்குச் சுருக்கென்று வந்தது. நாங்கள் பிறக்கும்போதே கிறிஸ்தவர்கள், எதிலிருந்து திரும்ப என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் ஒரு வாரம் அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துக் கொதித்தேன்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. டிரங்க் கால் விவரம் எழுதுகிற டிக்கெட்டில் வீணானவற்றை எடுத்து வைத்துக்கொள்வாய். டூட்டி முடிந்ததும் அதன் பின்பக்கத்தில் நடுவில் ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் பழசு, இன்னொரு பக்கம் புதுசு என்று எழுதுவாய். அன்றைக்கு மனதில் வந்த கெட்ட நினைப்பு ஒன்று பழசில். அதற்குப் பதிலாக என்ன நினைக்க வேண்டுமோ அது புதுசில். 'சூப்பர்வைசர் விழுந்து கால் ஒடியணும்' என்று ஒரு நாள் பழசில் பார்த்தேன். புதுசில், 'அவருக்கும் வீட்டில் பிரச்சினை இருக்கும்' என்று இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படி எழுதுவாய், மனசு புதுசாகி முடியவே முடியாதா என்று கேட்டேன்.

"நேத்துப் பொங்குன சோறு இன்னைக்குப் பத்துமா அக்கா?" என்றாய்.

வந்த புதிதிலேயே உன்னை நான் ஆலயத்துக்குக் கூட்டிப் போனேன். பெண்கள் பக்கத்தில் முன்னால் பழைய குடும்பங்கள் உட்காரும். கதவோரம் ரயிலடிக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் உட்காருவார்கள். உங்கள் ஆட்கள் இருந்த தெரு அது. நீயும் அங்கேதான் வீடு பிடித்திருந்தாய். யாரும் அங்கே உட்கார் என்று சொல்வதில்லை. அவர்கள் உட்காருவார்கள், அவ்வளவுதான். நான் உன் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில், மூன்றாம் வரிசையில் உட்காரவைத்தேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமை. பார், நான் எவ்வளவு நல்லவள் என்று ஆராதனை முழுக்க என்னையே நான் மெச்சிக்கொண்டிருந்தேன். அன்றைய பிரசங்கத்தில் ஒரு வார்த்தை நினைவில்லை.

அசனம் என்றால் என்ன அக்கா என்று நீ கேட்டது அதற்குப் பிறகுதான். உனக்கு நான் என்ன விளக்கம் சொன்னேன் தெரியுமா? பிரதிஷ்டைப் பண்டிகையன்று சபையில் எல்லார் வீட்டு அரிசியையும் ஒன்றாகப் போட்டுப் பொங்கி, பெரியவன் சின்னவன் இல்லாமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது என்றேன். உன் கண் நிறைந்துவிட்டது. இதை எங்க அய்யா பார்க்க வேண்டும் என்றாய்.

உன் அய்யாவைப் பற்றி அப்போதுதான் சொன்னாய். நீ ஞானஸ்நானம் எடுத்த அன்று அவர் உன்னை அடிக்கவில்லை, வையவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாராம். எந்தச் சாமியிடம் போனாலும் நம்மை எங்கே உட்காரவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும், போய்ப் பட்டுத் தெரிந்துகொள் என்றாராம். அதிலிருந்து உன் கையால் அவர் ஒரு வாய் சோறு வாங்கித் தின்றதில்லை. ஐந்து வருஷமாக நீ அவருக்காக ஜெபித்தாய். நீங்கள் வந்து ஒரே ஒரு நாள் பாருங்கள் அய்யா என்று ஊருக்குப் போகும்போதெல்லாம் கெஞ்சினாய்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் சப்பைக்கட்டுக் கட்ட முடியாது.

நீ வந்து இரண்டாவது வருஷம் நல்ல மழை. உங்கள் ஊர்க் கண்மாய் பெருகி, உன் அய்யா குத்தகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் நெல் போட்டார். கம்பும் பருத்தியுமே விளைகிற கரிசலில் அது பெரிய அதிசயம். சிவப்பு நெல். பொங்கலுக்குப் போன உன்னிடம் அவரே அரிசியைக் கொடுத்து, உங்கள் கோயில் பந்தியில் போடு, நானும் வருகிறேன் என்றாராம். நீ எக்ஸ்சேஞ்சுக்கு ஓடிவந்து சொன்னதை என்னால் மறக்க முடியாது. ஹெட்செட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டாய்.

"எல்லாரு அரிசியும் ஒரே கிடாரத்துல வேகும், நம்ம அரிசி செவப்பா அதுல தனியாத் தெரியும், இலையில தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் அக்கா" என்றாய்.

எனக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்காத விஷயம். உன் சந்தோஷம் என் சந்தோஷமாகத்தான் இருந்தது, சத்தியமாக.

அசனத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் நான் பேசினேன். அந்த மாசத்துக்குக் கொடுத்திருந்த தலைப்பு, மனம் புதிதாகுதல். இருபது நிமிஷம் பேசினேன். பழைய சுபாவம், பழைய பார்வை, பழைய பேச்சு எல்லாம் கழிய வேண்டும் என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். உன்னிடம் கேட்டுத் தெரிந்த பழசு, புதுசு கதையையும் உன் பேர் சொல்லாமல் எடுத்துவிட்டேன். முன்வரிசையில் நீ தலையாட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். வீட்டுக்கு வரும்போது நான் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலை ஆலயத்தின் மேற்கு வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்தேன். மடியில் பேர் எழுதும் நோட்டு, முன்னால் பக்காப்படி. வலது பக்கம் ஒரு சாக்கு, இடது பக்கம் ஒரு சாக்கு. எனக்கு முன்னால் என் மாமியார் அந்த வேலையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் வேறொருத்தி. எது எந்தச் சாக்கு என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி கண்ணுக்குப் பழகியிருந்தது. ஆலயத்தைச் சுற்றியுள்ள வீடுகள் கொண்டுவந்தால் வலது பக்கம். ரயிலடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தால் இடது பக்கம்.

இடது பக்கத்துச் சாக்கு அரிசியைச் சனிக்கிழமை சாயங்காலமே பந்தல் போடுகிறவர்களுக்கும் விறகு வெட்டுகிறவர்களுக்கும் பொங்கிப்போட்டுத் தீர்த்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை கிடாரத்தில் விழுவது வலது பக்கத்துச் சாக்கு மட்டும். பந்தி என்னவோ ஒரே பந்திதான். ஐயர் நடுவில் நின்று ஜெபிப்பார். யார் வீட்டு அரிசி யார் வயிற்றுக்குள் போய்விடக் கூடாதோ அது போகாமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம். ஐயருக்கு இது தெரியுமா என்று நான் கேட்டதும் இல்லை. அந்தத் தெருக்காரர்கள் கொண்டுவருவது ரேஷன் அரிசி. ரேஷன் அரிசிக்கு முகம் கிடையாது. அதனால் எத்தனையோ வருஷமாக யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

நீ மஞ்சள் பையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். இரண்டு கையாலும் வாங்கி ஸ்தோத்திரம் என்றேன். உள்ளே எட்டிப் பார்த்து, என்னட்டி இது, ரத்தினக் கல் மாதிரி இருக்கே என்றேன். டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று நீ ஓடினாய். நான் உன் பேரை நோட்டில் எழுதினேன். பையைத் தூக்கினேன். கொட்டினேன்.

இடது பக்கம் கொட்டியிருந்தேன்.

யோசித்துச் செய்யவில்லை. கை அதுபாட்டுக்குப் போய்விட்டது. வெள்ளை அரிசிமேல் சிவப்பாகக் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கதை இதோடு முடிந்திருந்தால் கை தவறியது என்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. அள்ளி மாற்றிவிட நேரம் இருந்தது. மேலாகத்தான் கிடந்தது, நாலு கை அள்ளினால் போதும். குனிந்துகூட விட்டேன். அப்போது சபைச் செயலாளர் வீட்டம்மா தன் வீட்டு அரிசியோடு படியேறி வந்தார். எதைக் குனிந்து தேடுகிறாய் என்று கேட்டார். ஒன்றுமில்லை, பேனா விழுந்தது என்று சொல்லி நிமிர்ந்துவிட்டேன். பேனா என் கையில்தான் இருந்தது. அடுத்து உன் தெருக்காரி கொண்டுவந்த ரேஷன் அரிசியும் அதன்மேல் விழுந்தது. சிவப்பு மூடிப்போயிற்று.

கொஞ்சம் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. இதற்கு மேல் எழுத வேண்டியதை நினைத்தால் காலுக்கு எங்காவது போக வேண்டும்போல இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அய்யா வந்தார். வெள்ளை வேட்டி, சவரம் செய்த முகம். ஆலய வாசலைத் தாண்டும்போது தோளில் கிடந்த துண்டைத் தானாக எடுத்துக் கக்கத்தில் வைத்தார். நீ அதைப் பிடுங்கி மறுபடி அவர் தோளில் போட்டாய். அதை நான் சோற்று வாளியோடு பந்தலுக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதாவது ஓடிப்போய் உன்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவரைப் பந்தியின் நடுவில் உட்காரவைத்து நீ பக்கத்தில் உட்கார்ந்தாய். பரிமாற நான் வந்தேன். வேறு யாரையாவது அனுப்பப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை. இலையில் சோறு போட்டேன். அவர் குழம்புக்குக் கை காட்டவில்லை. ஒற்றை விரலால் சோற்றை மெதுவாக விலக்கி விலக்கிப் பார்த்தார். நீ சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் சோறு முழுவதையும் விலக்கிப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தாயி, எங்க அரிசி செவப்பா இருக்கும். ஒண்ணுகூடத் தட்டுப்படலையே" என்றார்.

"கிடாரம் பெருசுல்லா அய்யா, அடியில கெடக்கும்" என்றேன்.

"கெடக்கும், கெடக்கும்" என்றார். குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். என் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து சமையல் கொட்டகைக்குப் பின்னால் போனாய். சனிக்கிழமை பொங்கின பானைகளைத் தண்ணீர் ஊற்றி அங்கேதான் ஊறவைத்திருந்தோம். அடியில் சிவப்புச் சோறு ஒட்டிக் கிடந்திருக்கும். நீ திரும்பி வந்து உன் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் இருந்ததை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாய். என்னை இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எக்ஸ்சேஞ்சில் நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, காலில் விழுந்து தீர்த்திருப்பேன். நீ போர்டைப் பார்த்தபடி சொன்னாய். பஸ்ஸில் உன் அய்யாவோடு ஊர்வரை போனாயாம். ஊர் வந்து இறங்கிய பிறகு, நல்ல சோறு தாயி, ஆனால் இனிமேல் என்னைக் கூப்பிடாதே என்றாராம். அவ்வளவுதான் சொன்னாய். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உன் போர்டில் விளக்கு எரிந்தது, நம்பர் ப்ளீஸ் என்றாய்.

அதற்குப் பிறகு மாசக்கணக்கில் எனக்கும் உனக்கும் லைன் கொடுங்கள், லைன் எடுங்கள் என்பதைத் தவிரப் பேச்சு இல்லை. ஆலயத்தில் நீ மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து கதவோரம் போய் உட்கார்ந்தாய். டிக்கெட் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே மூடாமல் வைத்துவிட்டுப் போயிருந்தாய். பழசில், 'அக்காவை மன்னிக்க மாட்டேன்'. புதுசில் வெறும் தாள். அடுத்த நாளும் அதுவே. அதற்கடுத்த நாளும். கோட்டைக் கிழித்து, இடத்தை விட்டு, எழுத முடியாமல் தினமும் அப்படியே வைத்தாய். உன்னை மாதிரி ஆண்டவரிடம் பொய் சொல்லாத ஆள் ஒருத்தியை நான் கண்டதில்லை. நான்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் கூட்டத்துக்குப் போய்ப் பாடிக்கொண்டிருந்தேன்.

அந்த மார்கழியில் ஒரு காலை என் போர்டில் குருவிகுளம் விளக்கு எரிந்தது. எடுத்தேன். உன் சித்தப்பா குரல். ஆபரேட்டர் யார் என்றுகூடக் கேட்காமல், அண்ணன் போயிட்டாரு, பிள்ளையை வரச்சொல்லுங்க என்று சொல்லி வைத்துவிட்டார். நீ என் முழங்கைக்குப் பக்கத்தில் யாருக்கோ விருதுநகர் லைன் போட்டுக்கொண்டிருந்தாய். நீ அதை முடிக்கிறவரை காத்திருந்தேன். பிறகு, ஏட்டி, அய்யா என்றேன். நீ ஹெட்செட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாய்.

"இதையும் நீங்கதான் சொல்லணுமா அக்கா?" என்றாய்.

நீ போன பிறகு இரண்டு போர்டையும் நானே பார்த்தேன். அன்றைக்கு எனக்கு வேதப்புத்தகமும் ஞாபகம் வரவில்லை, நான் பேசின பேச்சும் ஞாபகம் வரவில்லை. கிடாரம் பெருசுல்லா அய்யா என்று நான் சொன்னதுதான் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. நாலு தலைமுறையாக நான் கிறிஸ்தவள். என் பாவம் எது என்று எனக்குத் தெரிந்தது அந்த நாளில்தான். நீ வந்த புதிதில் கேட்டாயே, எப்போது மனந்திரும்பினீர்கள் என்று. அந்த மார்கழியில் என்று வைத்துக்கொள்.

அடுத்த மாசியில் அரிசி வாங்கும் வேலை எனக்கு வேண்டாம் என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார், உடம்பு என்றேன். அது எப்படியோ உன் காதுக்குப் போயிருக்கிறது. ஆபீசில் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினாய்.

"நைசாக் கழண்டுக்கிடலாம்னு பாக்கீகளா? நீங்கதான் போயி உக்காரணும். ஒரு சாக்கோட உக்காருங்க."

உட்கார்ந்தேன். ஒரே சாக்கு. முதல் ஆளாக நீயே வந்தாய். உன் பையில் ரேஷன் அரிசிதான் இருந்தது. அந்த வருஷம் உங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை, வந்திருந்தாலும் நெல் போட ஆள் இல்லை. உன் தெருக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து கொட்டினார்கள். பிறகு செயலாளர் வீட்டம்மா வந்தார். இடது பக்கத்தைப் பார்த்தார், வலது பக்கத்தைப் பார்த்தார். இது எந்தச் சாக்கு என்று கேட்டார். இருப்பது இது ஒன்றுதான் என்றேன். என் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. அவர் தூக்குவாளியை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற ஐந்தாறு பேரும் போனார்கள். என் நாத்தனாரும் அதில் ஒருத்தி. அவள் இன்றைக்கும் என் வீட்டுப் படி ஏறுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அசனத்தில் சோறு பத்தவில்லை. கடைசிப் பந்திக்கு ரசத்தைக் கஞ்சியில் கலந்து ஊற்றினோம். நான் ஜெயித்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். என்ன ஜெயம்? எவருக்காக அதைச் செய்திருக்க வேண்டுமோ அவர் பந்தியில் இல்லை. ஒரு வருஷம் முந்திச் செய்திருந்தால் நாலே நாலு கை அரிசி. சாயங்காலம் கிடாரத்தைக் கவிழ்த்துப்போட்டு நீயும் நானும் தேய்த்தோம். ரொம்ப நேரம் சாம்பலும் தேங்காய் நாரும் உரசுகிற சத்தம் மட்டும். பிறகு, "குழம்புல உப்பு கம்மி" என்றாய். ஒரு வருஷத்துக்குப் பிறகு பழையபடி நீ என்னிடம் பேசின முதல் பேச்சு. நான் கிடாரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன்.

கல்யாணமாகி நீ தென்காசிக்குப் போனாய். கிறிஸ்துமஸுக்கு ஒரு கார்டு, நடுவில் இரண்டு கடிதம். பிள்ளைகள் படிப்பு, தண்ணீர்க் கஷ்டம், புது சூப்பர்வைசரைப் பற்றி உன் பாணியில் நாலு வரி. நாம் இருவரும் அந்த விஷயத்தைத் தொடவே இல்லை. பூசி மெழுகிவிட்டோம். நானும் சபையில் மூத்தவளாகிவிட்டேன். செயலாளர் வீட்டம்மா இரண்டு வருஷம் கழித்து அரிசி கொண்டுவந்தார், நான் எதுவுமே நடக்காதது போல வாங்கினேன். இரண்டு சாக்கு இருந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். என் கண் மட்டும் நம்புகிறது, முந்தாநாள் நடந்ததைச் சொன்னேனே.

போன சித்திரையில் பாளையங்கோட்டையில் உன்னைக் கிடத்தியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். ஆளே பாதியாகிவிட்டிருந்தாய். உன் மகள் காப்பி வாங்கப் போனாள். எனக்கு வேறு நேரம் கிடைக்காது என்று தெரிந்தது. ஏட்டி, அன்றைக்கு உன் அய்யாவிடம் நான் பொய் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாக உள்ளே கிடந்ததைச் சொல்லி முடித்தேன்.

"நான் உங்கள எப்பவோ மன்னிச்சாச்சு" என்றாய். எனக்குப் போன உயிர் வந்தது. நீ அதோடு விடவில்லை. கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாய். பிடியில் பலமே இல்லை.

"எங்க அய்யாவுக்குப் பதிலா மன்னிக்க எனக்கு அதிகாரம் இல்ல அக்கா. அவர நீங்க பாத்துதான் கேக்கணும்."

அதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஒரு விலாசம் சொல்வது போலச் சொன்னாய். உன் மகள் காப்பியோடு வந்தாள். பிறகு நாம் அவளுடைய காலேஜ் பற்றிப் பேசினோம்.

பஸ்ஸில் வரும்போதுதான் அது எனக்குள் இறங்கியது. எங்கே போய்ப் பார்க்க? ஞாயிற்றுப் பள்ளியிலிருந்து எனக்குச் சொல்லித் தந்த கணக்குப்படி உன் அய்யா பரலோகத்துக்கு உள்ளே இல்லை. ஞானஸ்நானம் இல்லை, விசுவாசம் இல்லை, கதவு மூடியாயிற்று. இந்தக் கணக்கை நானே எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். அவர் அன்றைக்குக் கதவுவரை வந்தவர், ஏட்டி. உள்ளே வந்து இலையில் உட்கார்ந்தவர். விலக்கி விலக்கித் தேடினவர். அவரை வெளியே அனுப்பினது நான். அனுப்பினவள் உள்ளே, போனவர் வெளியே என்றால் அது என்ன நியாயம்? பஸ் ஏறினதிலிருந்து ஊர் வந்து சேருகிறவரை ஆண்டவரோடு சண்டை போட்டேன். இறங்கும்போது எனக்கு ஒன்று தீர்மானமாகியிருந்தது. அவர் உள்ளேதான் இருக்கிறார். இருந்தாக வேண்டும். நான் நுழைவேனா என்பதுதான் சந்தேகம்.

இது சரியான விசுவாசமா, என் வசதிக்கு நான் செய்துகொண்டதா என்று தெரியவில்லை. ஒரு நாள் சரி என்று படுகிறது, மறுநாள் பயமாக இருக்கிறது. ஒன்று மட்டும் செய்துகொண்டிருக்கிறேன். காலையில் முழங்காலில் நின்றால் என் பிள்ளைகள் பேருக்கு முன்னால் உன் அய்யா பேரைச் சொல்கிறேன். இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் நம் சபையில் கிடையாது என்று ஐயர் சொன்னார், அதிலும் சபைக்கு வெளியே உள்ளவருக்குக் கூடவே கூடாது என்றார். சரிங்கய்யா என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலும் அவர் பேரைத்தான் முதலில் சொன்னேன்.